விரவல் காந்த ஒத்ததிர்வுப் படிமவாக்கம் (மருத்துவ ஆய்வில்)

விரவல் காந்த ஒத்ததிர்வுப் படிமவாக்கம் என்பது உடலின் திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தொலைவு, எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை அளந்து படமாகக் காட்டும் முறை ஆகும். வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியிலேயே இது எடுக்கப்படுகிறது. இதற்கு ஊடுகதிர்களோ, நரம்பில் செலுத்தும் மருந்தோ தேவையில்லை. மருத்துவமனைகளில் இம்முறை பெரும்பாலும் பக்கவாதத்தை விரைந்து கண்டறியப் பயன்படுகிறது. மருத்துவ ஆய்வில் இதன் பயன் வேறு: உயிருள்ள மனிதரின் மூளை நரம்பிழைகள் எந்நிலையில் உள்ளன என்பதை ஓர் எண்ணாகத் தருவதற்கு இம்முறை பயன்படுத்தப்படுகிறது. அவ்வெண் உண்மையில் எதனைக் குறிக்கிறது என்பது இத்துறையின் நீங்காத வினாவாக உள்ளது. இவ்வினா ஒரு சிகிச்சையின் நன்மை தீமையை எவ்வாறு தொடக்கூடும் என்பதற்கு, வேலூரில் பிறந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அடிப்படை

நீரில் விட்ட ஒரு துளி மை, யாரும் கலக்காமலே மெல்லப் பரவுவதைக் காணலாம். மூலக்கூறுகளின் ஓயாத வெப்ப அசைவே இதற்குக் காரணம். இது விரவல் எனப்படும். மையே இல்லாத தூய நீரிலும் மூலக்கூறுகள் இவ்வாறே இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. இவ்வசைவின் கணிதத்தை 1905-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வகுத்தார்.

உடல் வெப்பநிலையில் உள்ள தூய நீரில் ஒரு மூலக்கூறு 50 மில்லிநொடியில் ஒரு திசையில் சராசரியாக ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நகரும். மூளைத் திசுவில் இந்நகர்வு கணிசமாகக் குறைகிறது. செல் சவ்வுகளும், நரம்பிழைகளும், அவற்றைச் சுற்றியுள்ள மயலின் உறையும் மூலக்கூறுகளைத் தடுக்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி பொதுவாக 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கனச்சதுரத்தைக் குறிக்கும். அதற்குள் இருக்கும் நரம்பிழை ஒவ்வொன்றின் விட்டமோ ஒரு மைக்ரோமீட்டர் அளவினது. எனவே எந்த நரம்பிழையும் இப்படத்தில் நேரடியாகத் தெரிவதில்லை. அவை நீரைத் தடுக்கும் விதத்திலிருந்து அவற்றின் அமைப்பு ஊகிக்கப்படுகிறது. இச்செய்தியை மறந்துவிட்டு இப்படங்களைப் பார்ப்பவர் எளிதில் ஏமாறுவர்.

அளக்கும் முறை பின்வருமாறு. காந்தப் புலத்தின் வலிமை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சீராக மாறும்படி ஒரு சாய்வுப் புலம் சிறிது நேரம் செலுத்தப்படுகிறது. இதனால் ஒவ்வொரு மூலக்கூறின் ஐதரசன் அணுக்கருவும் தன் இடத்திற்கு ஏற்ற ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. சற்றுப் பின்னர் அவ்வடையாளத்தை அழிக்கும்படி எதிரான விளைவு தரும் மற்றொரு சாய்வுப் புலம் செலுத்தப்படுகிறது. இடம் மாறாத மூலக்கூறுகளில் அடையாளம் முழுதும் நீங்கிவிடும். இடம் மாறியவற்றில் நீங்காது. அவை ஒன்றோடொன்று ஒத்திசையாமல் போவதால் குறிகை குறையும். குறிகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரவல் நிகழ்ந்துள்ளது எனக் கொள்ளப்படும். சாய்வுப் புலத்தின் வலிமையையும் கால அளவையும் சேர்த்துக் குறிக்கும் எண் பி-மதிப்பு எனப்படும்.

ஒரு திசையில் மட்டும் அளந்தால் அத்திசையில் உள்ள விரவல் மட்டுமே தெரியும். நரம்பிழைக் கற்றைகளில் நீர் இழையின் நெடுக்கில் எளிதாகவும், குறுக்கில் அரிதாகவும் நகர்கிறது. எனவே குறைந்தது ஆறு திசைகளிலும், ஆய்வுகளில் பொதுவாக முப்பது, அறுபது அல்லது அதற்கு மேற்பட்ட திசைகளிலும் அளவீடு செய்யப்படுகிறது. இவ்வளவுகளை டென்சர் என்னும் கணித உருவில் பொருத்தினால் ஒவ்வொரு கனச்சதுரத்திற்கும் விரவலின் முதன்மைத் திசை கிடைக்கிறது. விரவல் எல்லாத் திசைகளிலும் சமமாக இருந்தால் 0 எனவும், ஒரே திசையில் மட்டும் இருந்தால் 1 எனவும் அமையும் ஓர் எண்ணும் கிடைக்கிறது. இதனைத் திசைச்சார்பு எண் எனலாம். மருத்துவர்கள் இதை எஃப்.ஏ. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர்.

வரலாறு

1965-இல் எட்வர்ட் ஸ்டெய்ஸ்கல், ஜான் டானர் ஆகிய இருவரும் மேற்கூறிய இரட்டைச் சாய்வுப் புல முறையை வகுத்தனர். அப்பொழுது அது வேதியியலாரின் கருவியாகவே இருந்தது. 1980-களின் நடுவில் பிரான்சு நாட்டின் டெனி லெ பியான் இதனைப் படிமவாக்கத்துடன் இணைத்து, மனித மூளையின் முதல் விரவல் படங்களை வெளியிட்டார். 1990-இல் மைக்கேல் மோசுலியும் உடன் பணியாற்றியோரும் பூனைகளின் மூளையில் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் ஏதும் தெரியாத வேளையிலேயே விரவல் படத்தில் பாதிப்பு தெரிவதைக் காட்டினர். இரத்தம் கிட்டாத செல்கள் வீங்கி, நீரின் நகர்வு தடைப்படுவதே இதன் காரணம் எனக் கருதப்படுகிறது. இன்று பக்கவாதச் சிகிச்சையில் விரவல் படம் பெற்றுள்ள இடம் இக்கண்டுபிடிப்பிலிருந்து வந்ததாகும்.

1994-இல் பீட்டர் பாசர், ஜேம்ஸ் மத்தியெல்லோ, லெ பியான் ஆகியோர் டென்சர் முறையை அறிமுகப்படுத்தினர். 1990-களின் இறுதியில் ஒரு கனச்சதுரத்தின் முதன்மைத் திசையிலிருந்து அடுத்ததன் திசைக்குக் கோடு இழுத்து, நரம்பிழைத் தடங்களை முப்பரிமாணத்தில் வரையும் நெறிமுறைகள் தோன்றின. இதழ்களின் அட்டைகளில் பல வண்ண நூற்கற்றை போலத் தோன்றும் மூளைப் படங்கள் இவ்வாறு வரையப்பட்டவையே. அவை கணினி வரைந்த கோடுகள்; நரம்புகளின் ஒளிப்படங்கள் அல்ல.

திசைச்சார்பு எண் குறிப்பது என்ன?

பல ஆய்வுக் கட்டுரைகளில் திசைச்சார்பு எண் குறைந்தால் நரம்பிழை சிதைந்துள்ளது என்றும், கூடினால் நலமாக உள்ளது என்றும் எழுதப்படுகிறது. இது எப்பொழுதும் பொருந்துவதில்லை.

இலக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராகேஷ் குப்தாவும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. மூளையில் சீழ்க்கட்டி உள்ள நோயாளிகளின் கட்டிக் குழியில் திசைச்சார்பு எண் உயர்ந்திருப்பதை அவர்கள் கண்டனர். பிற நீர்க்கட்டிகளில் அவ்வாறு இல்லை. சீழ்க் குழிக்குள் நரம்பிழை எதுவும் இல்லை. அங்குள்ள அழற்சிச் செல்கள் ஒழுங்காக ஒட்டி அமைவதாலேயே நீரின் நகர்வு திசைச்சார்பு பெறுகிறது என அவர்கள் விளக்கினர். நரம்பே இல்லாத இடத்தில் நரம்பின் நலத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் எண் உயர்ந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மூளைக் காசநோயும் நாடாப்புழுக் கட்டிகளும் மிகுந்த இந்தியாவில் ஒரு கட்டியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டிய தேவை அதிகம். அத்தேவையிலிருந்தே இத்தகைய ஆய்வுகள் இங்கு வளர்ந்தன.

மற்றொரு சிக்கல் நரம்பிழைகள் குறுக்கிடுவதாகும். ஒரே கனச்சதுரத்தில் இரு கற்றைகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால், இரண்டும் முழு நலத்துடன் இருந்தாலும் திசைச்சார்பு எண் குறைந்துவிடும். அவற்றுள் ஒரு கற்றை நோயால் அழிந்தால் எஞ்சிய கற்றையின் திசை மேலோங்கி, எண் கூடவும் கூடும். வெண்பொருளின் பெரும்பகுதியில் இத்தகைய குறுக்கீடுகள் உள்ளன.

தடம் வரையும் நெறிமுறைகளின் நம்பகத்தன்மையும் சோதிக்கப்பட்டுள்ளது. விடை முன்னரே தெரிந்த ஒரு செயற்கை மூளைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களுக்குக் கொடுத்து, அவை அனுப்பிய 96 விடைகளை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. பெரும்பாலான நெறிமுறைகள் உண்மைக் கற்றைகளில் மிகுதியானவற்றைக் கண்டுபிடித்தன. ஆனால், இல்லாத கற்றைகளை அதனினும் அதிக எண்ணிக்கையில் வரைந்திருந்தன.

வேலூர் ஆய்வு

பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிசனும் இரத்தமும் போதிய அளவு கிட்டாத குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு ஏற்படுகிறது. சிலர் இறக்கின்றனர், பிழைப்போரில் சிலருக்குப் பெருமூளை வாதம், வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு முதலியன உண்டாகின்றன. பிறந்த ஆறு மணி நேரத்திற்குள் தொடங்கி, குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 பாகை செல்சியசு அளவுக்குக் குறைத்து, மூன்று நாட்கள் அவ்வாறே வைத்திருக்கும் குளிரூட்டு சிகிச்சை, செல்வ நாடுகளில் இறப்பையும் ஊனத்தையும் குறைப்பதாகப் பல ஆய்வுகளில் நிறுவப்பட்டது. 2010 அளவில் அது அந்நாடுகளில் வழக்கமான சிகிச்சையாயிற்று. இந்தியாவிலும் அது பயன் தருமா என்ற வினா எழுந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நிரஞ்சன் தாமஸ், நார்வே அறிவியல் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் ஆகர் முதலியோர் நடத்திய ஆய்வு, தின் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. நிறைமாதத்திலோ அதையொட்டியோ பிறந்து இப்பாதிப்புக்கு உள்ளான 50 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் குளிரூட்டு சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பும் அளிக்கப்பட்டன. விலை உயர்ந்த தானியங்கிக் கருவிக்கு மாற்றாக, உருகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும் பொருளால் நிரப்பிய படுக்கை பயன்படுத்தப்பட்டது.

இவ்வாய்வின் முதன்மை அளவாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது விரவல் டென்சர் படத்திலிருந்து பெறும் திசைச்சார்பு எண் ஆகும். மூளையின் உட்பொதி எனப்படும் பகுதியின் பின்பிரிவில் இது அளக்கப்பட்டது. கை கால் அசைவுக்கான கட்டளைகள் மூளையின் புறணியிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் வழி இது. நிறைமாதக் குழந்தையில் மயலின் உறை உருவாகத் தொடங்கிவிட்ட சில இடங்களுள் ஒன்றாகவும் இருப்பதால், பிறப்புக்காலப் பாதிப்பை இங்கு அளப்பது பொருத்தமே.

2020-இல் அச்சில் வந்த முடிவுகளின்படி, முதன்மை அளவு 22 குழந்தைகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஒவ்வொரு பிரிவிலும் 11 பேர். குளிரூட்டப்பட்ட குழந்தைகளின் இடப்பக்க உட்பொதியிலும் வேறு சில நரம்பிழைக் கற்றைகளிலும் திசைச்சார்பு எண் கூடுதலாக இருந்தது. பாலினம், பிறப்பு எடை, கருக்காலம் ஆகியவற்றுக்குச் சரிசெய்த பின் உட்பொதியில் சராசரி வேறுபாடு 0.026, அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.004 முதல் 0.048 வரை. வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் 46 குழந்தைகளுக்குக் கிடைத்தது. அதில் நடுத்தர அல்லது கடும் பாதிப்பு குளிரூட்டப்பட்டவர்களில் 2 பேருக்கும், மற்றவர்களில் 10 பேருக்கும் காணப்பட்டது. இரு பிரிவுகளிலும் தீய விளைவுகள் ஒத்த அளவிலேயே இருந்தன. சிறிய ஆய்வு எனினும், முடிவுகள் குளிரூட்டலுக்குச் சாதகமாக இருந்தன.

ஹீலிக்ஸ் ஆய்வு

இதே வினாவைப் பெரிய அளவில் எழுப்பிய ஆய்வு ஹீலிக்ஸ் ஆகும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 2015 ஆகஸ்ட் முதல் 2019 பெப்ரவரி வரை 408 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். சென்னையும் ஆய்வு நடந்த நகரங்களுள் ஒன்று. இதில் முதன்மை அளவு படத்திலிருந்து எடுக்கப்படவில்லை. 18 முதல் 22 மாத வயதில் குழந்தை இறந்துவிட்டதா, அல்லது நடுத்தர அல்லது கடும் ஊனத்துடன் உள்ளதா என்பதே முதன்மை அளவு.

2021-இல் வெளியான முடிவு பலரும் எதிர்பாராதது. இறப்பு அல்லது ஊனம் குளிரூட்டப்பட்ட பிரிவில் 50 விழுக்காடு, மற்றப் பிரிவில் 47 விழுக்காடு. அதாவது பயன் ஏதுமில்லை. இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் குளிரூட்டப்பட்ட பிரிவில் 42 விழுக்காடும் மற்றப் பிரிவில் 31 விழுக்காடும் இறந்தனர். தீவிர சிகிச்சை வசதி உள்ள இடங்களிலும்கூட, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் இச்சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்று ஆய்வாளர் பரிந்துரைத்தனர். இதே குழந்தைகளின் படங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான துணை ஆய்விலும், வெண்பொருளின் திசைச்சார்பு எண் உள்ளிட்ட அளவுகளில் குளிரூட்டல் மூளைப் பாதிப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆய்வு மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைகளுக்கும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கும் இது பொதுவாக இருந்தது.

வேறுபாட்டின் காரணங்கள்

இவ்விரு ஆய்வுகளில் ஒன்று சரி, மற்றது தவறு எனக் கொள்வது எளிமைப்படுத்தலாகும். குளிரூட்டும் கருவிகள் வேறு, மருத்துவமனைகளும் வேறு. மூளைப் பாதிப்பு பிறப்பின்போது திடீரென ஏற்பட்டதா, அதற்கு முன்னரே மெல்லத் தொடங்கியதா என்பதும் குழந்தைக்குக் குழந்தை மாறலாம். பிந்தைய நிலையில் ஆறு மணி நேரக் கெடு பொருளற்றதாகிவிடும். எனினும் விரவல் படத்தை முதன்மை அளவாகக் கொள்வதன் இடர்கள் சில இங்குத் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, உயிருடன் இருந்து, ஸ்கேன் அறைக்குக் கொண்டுசெல்லும் நிலையில் உள்ள குழந்தைக்கு மட்டுமே திசைச்சார்பு எண் உண்டு. அதற்கு முன் இறந்த குழந்தை கணக்கில் வராது. ஒரு சிகிச்சை இறப்பைக் கூட்டினால், எஞ்சியோரின் படங்கள் மட்டும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவதற்கு இடமுண்டு. விரவல் படம் அசைவுக்கு மிகவும் கூச்சமுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழுது அசையும் குழந்தையின் பல திசைப் படங்கள் பயனற்றுப் போகின்றன. 50 பேரில் 22 பேருக்கு மட்டும் கிடைத்த ஓர் அளவிலிருந்து 50 பேரைப் பற்றிய முடிவுக்கு வருவது கடினம்.

இரண்டாவது, காலம். ஆக்சிசன் குறைவால் பாதிக்கப்பட்ட மூளையில் விரவலின் அளவு முதல் சில நாட்கள் குறைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இயல்பான அளவுக்குத் திரும்பிவிடுகிறது. பாதிப்பு நீங்குவதால் அன்று; செல்கள் சிதைந்து நீர் மீண்டும் தடையின்றி நகர்வதால். இது போலி இயல்புநிலை எனப்படும். குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் இத்திரும்பல் தாமதமாகிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது சிகிச்சை அளவுகோலின் காலக்கணக்கையே மாற்றிவிடுகிறது. ஒரே நாளில் இரு பிரிவினரையும் ஸ்கேன் செய்தாலும் ஒப்பீடு முற்றிலும் நேரானதாக அமையாது.

மூன்றாவது, அளவின் பொருள். 0 முதல் 1 வரையுள்ள அளவுகோலில் 0.026 வேறுபாடு ஒரு குழந்தை நடப்பதற்கும் நடக்காமல் இருப்பதற்கும் இடையில் எவ்வளவு என்பதை அவ்வெண் மட்டும் சொல்லாது. அதனை ஊன அளவீடுகளுடன் ஒப்பிட்டு நிறுவ வேண்டும். இத்தகைய அளவுகளின் பயனை மறுப்பதற்கில்லை. இறப்பையும் ஊனத்தையும் அளக்க நூற்றுக்கணக்கான குழந்தைகளும் இரண்டாண்டுக் காத்திருப்பும் வேண்டும். படத்தின் மூலம் சில பத்துக் குழந்தைகளைக் கொண்டு சில வாரங்களில் ஒரு குறிப்பைப் பெறலாம். எந்தச் சிகிச்சையைப் பெரிய ஆய்வுக்கு எடுத்துச் செல்வது என முடிவு செய்ய இக்குறிப்பு போதும். சிகிச்சையை ஊர்தோறும் பரப்ப அது போதாது.

பெரும் தரவுகளும் கணிப்பும்

2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய மனித இணைப்பு வரைபடத் திட்டம் ஏறத்தாழ 1200 நலமான இளையோரின் மூளைகளை உயர் நுணுக்கத்தில் பதிவு செய்து, தரவை ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவிட்டது. பிரித்தானியாவின் யு.கே. பயோபேங்க் 2025-இல் 1,00,000 பேரின் ஸ்கேன் பதிவுகளை நிறைவு செய்தது. விரவல் படங்களும் இதில் அடங்கும்.

இந்தியாவில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பிரித்தானிய ஆய்வாளரும் இணைந்து நடத்தும் சிவேடா ஆய்வு, 6 முதல் 23 வயது வரையுள்ள ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரை நாட்டின் ஏழு மையங்களில் சேர்த்தது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு விரவல் படமும் எடுக்கப்பட்டது. மேலைநாட்டவரின் மூளையை அடிப்படையாகக் கொண்ட இயல்பளவுகளை இந்தியக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதால் இத்தகைய தரவுக்குத் தனி மதிப்பு உண்டு.

தடம் வரைதலில் போலிக் கற்றைகள் தோன்றும் சிக்கலைக் குறைக்கும் முயற்சியும் பெங்களூரில் நடந்துள்ளது. இந்திய அறிவியல் கழகத்தின் தேவராஜன் ஸ்ரீதரன் குழுவினர் 2022-இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். கணினி வரைந்த இலட்சக்கணக்கான தடங்களில் அளவீட்டை விளக்கத் தேவையற்றவற்றை இது களைகிறது. வரைகலைச் செயலிகளில் இயங்குவதால் முந்தைய முறைகளைவிட 150 மடங்குக்கும் மேல் விரைவானது என அவர்கள் அறிவித்தனர்.

மாவட்ட மருத்துவமனைகளில்

சேலம், நாமக்கல் போன்ற ஊர்களின் ஸ்கேன் நிலையங்களில் பக்கவாத நோயாளிக்கு எடுக்கப்படும் விரவல் படமும், மேற்கூறிய ஆய்வுகளில் எடுக்கப்படும் படமும் ஒரே இயற்பியலைச் சார்ந்தவை. முன்னது சில திசைகளில் மட்டும், ஓரிரு நிமிடங்களில் எடுக்கப்படுகிறது. கதிரியல் மருத்துவர் அதனைக் கண்ணால் பார்த்து, வெண்மையாகத் தெரியும் இடத்தைக் குறிக்கிறார்; எண் கணக்கிடுதல் இன்றியமையாததன்று. பின்னது பல திசைகளில், பத்து நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கப்படுகிறது. அசைவும் உருச்சிதைவும் மென்பொருளால் திருத்தப்படுகின்றன. 1.5 டெஸ்லா கருவியும் 3 டெஸ்லா கருவியும், ஏன் ஒரே வலிமையுள்ள இரு நிறுவனக் கருவிகளும்கூட ஒரே தலைக்குச் சற்று வேறுபட்ட எண்களைத் தரும். ஆகவே ஒரு மையத்தில் பெற்ற திசைச்சார்பு எண்ணை மற்றொரு மையத்தின் எண்ணுடன் நேரடியாக ஒப்பிடுவதில்லை. பல மைய ஆய்வுகளில் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரிப் பொருளையோ, ஒரே தன்னார்வலரையோ ஸ்கேன் செய்து ஈடுகட்டுவது வழக்கம்.

சேலத்திலிருந்து வேலூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ மூச்சுத்திணறலுடன் பிறக்கும் குழந்தையை ஆறு மணி நேரத்திற்குள் அத்தகைய மையத்தில் சேர்ப்பது எளிதன்று. குழந்தையின் நிலையைத் தேர்ந்த மருத்துவரும் செவிலியரும் கண்டு மதிப்பிடுவது, மூளை மின்னலைப் பதிவு, வாய்ப்புள்ள இடத்தில் வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் ஆகியவையே அத்தகைய குழந்தைகளின் எதிர்காலத்தைக் கணிக்க நடைமுறையில் பயன்படுகின்றன. பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தன்னியல்பான கை கால் அசைவுகளைக் காணொளியில் பதிவு செய்து மதிப்பிடும் முறையும் உண்டு. வேலூர் ஆய்வின் குழந்தைகளிடமே இம்முறை எம்.ஆர்.ஐ. படத்துடன் சேர்த்து ஆராயப்பட்டு, அதன் முடிவுகள் 2022-இல் வெளியாயின. இதற்குத் தேவையானவை ஓர் ஒளிப்படக் கருவியும் பயிற்சி பெற்ற பார்வையாளரும் மட்டுமே.